வகுப்பை விட்டுப் போனவர்களிடமிருந்து விவரம் வாங்குவது எப்படி?

கேட்டவர்: பதிவேடு

வணக்கம். வயதுவந்தோர் கல்வி மையம் ஒன்றில் பதிவேடுகளும் அறிக்கைகளும் என் பொறுப்பு. அடிப்படை எழுத்தறிவு, கணக்கு, பள்ளிச் சான்றிதழுக்கு இணையான தேர்வுக்குப் பயிற்சி, கணினி என்று வகுப்புகள் நடக்கின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், அல்லது வீட்டையும் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டு நேரம் ஒதுக்குபவர்கள்.

வகுப்புக்கு வரும்வரை அவர்களைப் பற்றி எல்லாம் தெரிகிறது. நின்றபின் ஒன்றுமே தெரிவதில்லை. வேலை கிடைத்ததா, தேர்வு எழுதினார்களா, மேலே படிக்கப் போனார்களா என்று நிதி தருபவர்கள் கேட்கிறார்கள். அது ஒருபுறம் இருக்க, எந்த வகுப்பு யாருக்கு உதவியது என்று ஆசிரியர்களுக்கே தெரிய வேண்டியிருக்கிறது.

இப்போதைய முறை இது: படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து, 22 கேள்விகள் உள்ள கூகுள் படிவத்தின் இணைப்பை மின்னஞ்சலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்புகிறோம். பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். ஐந்தில் ஒருவர்கூடப் பதில் தருவதில்லை. தருகிறவர்களும் நல்ல செய்தி உள்ளவர்கள்தான். பாதியில் நின்றவர்களிடமிருந்து ஒரு வரிகூட வருவதில்லை.

எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது, யார் கேட்பது? பரிசு கொடுத்தால் பலன் உண்டா? பாதியில் நின்றவர்களை எப்படி அணுகுவது? இந்த வேலை தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.


பதில்: கரும்பலகை

ஆறு மாதம் கழித்து என்ன அனுப்புவது என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் சேர்க்கைப் படிவத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். பதில் வராததற்கான காரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு போன் நம்பர் மட்டும் வாங்கியிருந்தால், அந்த நம்பர் மாறிய அன்றே அந்த மாணவர் கைவிட்டுப் போனார் என்று அர்த்தம். வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள், வாடகை வீடு மாறுகிறவர்கள், ரீசார்ஜ் செய்யப் பணமில்லாமல் நம்பரை விட்டுவிடுகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம் படிக்கிறார்கள். நம்பர் மாறும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

சேர்க்கையன்று வாங்க வேண்டியவை: சொந்த நம்பர், அது அவர் கையிலேயே இருக்கும் போனா, வீட்டில் எல்லோருக்கும் பொதுவான போனா, எந்த நேரத்தில் எடுப்பார், எழுதி அனுப்பினால் வசதியா, பேசினால் வசதியா. பிறகு, அவர் எங்கே போனாலும் அவரைப் பற்றித் தெரிந்திருக்கக்கூடிய இரண்டு பேர். ஒருவர் அதே வீட்டில் இருப்பவர், இன்னொருவர் வேறு வீட்டில் இருப்பவர். இரண்டு பேரும் ஒரே வீடு என்றால் குடும்பம் இடம் மாறும்போது இரண்டு நம்பரும் சேர்ந்து போய்விடும்.

இந்த இடத்தில் பலர் விட்டுவிடும் ஒரு கேள்வி உண்டு. அந்த இருவரிடம் பேசும்போது நாங்கள் யார் என்று சொல்லலாமா? எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதைக் கணவரிடமோ மனைவியிடமோ முதலாளியிடமோ சொல்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் போன் செய்து ‘எழுத்தறிவு வகுப்பிலிருந்து பேசுகிறோம்’ என்று சொன்னால் அவர் மறைத்து வைத்ததை நீங்களே போட்டு உடைத்துவிடுவீர்கள். படிவத்தில் ஒரு கட்டம் போதும்: ‘மையத்தின் பெயரைச் சொல்லலாம் / நண்பர் என்று மட்டும் சொல்லவும் / இவரிடம் பேசவே வேண்டாம்.’

அடுத்து, படிவத்தை நிரப்பிய கையோடு அந்த நம்பருக்கு மையத்தின் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். அவர் முன்னாலேயே மணி அடிக்க வேண்டும். இலக்கம் தவறாக எழுதப்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் நம்பரை அவர் போனில் மையத்தின் பெயரோடு சேமிக்க உதவுங்கள். தெரியாத நம்பரை இப்போது யாரும் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்து அனுப்புவதானால், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ‘அனுப்பினோம், பதிலே இல்லை’ என்று சொல்பவர்களில் பலருக்கு இந்த விவரம் தெரிவதில்லை. செய்தி அவர்களை அடையவே இல்லை.

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை நம்பரைச் சரிபாருங்கள். ஒரே தாளை வகுப்பு முழுக்கச் சுற்றவிட வேண்டாம், ஒருவர் நம்பரை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆளுக்கொரு சிறு சீட்டு, அதில் அவருடைய இப்போதைய நம்பர், கீழே ‘சரி / மாறிவிட்டது’. இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று, சேரும்போது அவர் சொல்லும் நோக்கத்தை அவருடைய வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ‘எழுத்தறிவு மேம்பாடு’ என்று நீங்கள் மாற்றி எழுத வேண்டாம். ‘ஓட்டுநர் உரிமத் தேர்வுக் கேள்விகளை நானே படிக்கணும்’, ‘பிள்ளையோட ஸ்கூல் நோட்டீஸ் புரியணும்’ என்று சொன்னால் அப்படியே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்துப் பேசும்போது ‘பள்ளி நோட்டீஸைப் படிக்கணும்னு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?’ என்று தொடங்கினால் யாரும் போனை வைத்துவிட மாட்டார்கள். வேலை, சம்பளம் என்ற கட்டங்களுக்குள் அடங்காத விளைவுகள் இப்படித்தான் வெளியே வரும்.

பின்னால் தொடர்புகொள்வோம் என்பதை முதல் இரண்டு வாரத்துக்குள் வகுப்பில் சொல்லிவிட வேண்டும், ஏன் என்பதையும் சேர்த்து. அதைப் பாடமாகவே ஆக்கலாம். நீங்கள் பின்னால் அனுப்பப்போகும் அதே நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களைப் பதில் செய்தி தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். செய்தி அனுப்புவதும் படிவம் நிரப்புவதும் எப்படியும் எழுத்தறிவு வகுப்பின் பாடம்தானே! ஆறு மாதம் கழித்து அதே கேள்விகள் வரும்போது அவை பழகிய கேள்விகளாக இருக்கும்.


பதில்: மணியடித்தபின்

மேலே சொன்ன அடித்தளம் போட்டாயிற்று என்று வைத்துக்கொண்டு, கேட்கும் முறையைப் பற்றிச் சொல்கிறேன்.

22 கேள்விகளை நான்காக்குங்கள். படிக்கச் சிரமப்படுகிறவருக்கு நீளமான படிவம் ஒரு தேர்வு மாதிரி. அதில் தோற்பதைவிடத் திறக்காமலே விட்டுவிடுவார். வேலை, மேற்படிப்பு அல்லது தேர்வு, சொந்த நோக்கம், திரும்பப் படிக்க விருப்பமா — இந்த நான்கும் போதும். முதல் கேள்வி ஒற்றை இலக்கத்தில் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை’ என்று அனுப்பிவிட்டவர் அடுத்த கேள்விக்கும் பதில் போடுவார்.

எஸ்எம்எஸ்ஸில் தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிகள்தான் இடம். ஆங்கில எழுத்தில் 160. தமிழில் நீண்டால் ஒவ்வொரு துண்டும் 67 ஆகக் குறையும், துண்டுக்கு ஒரு கட்டணம் விழும். அதிலும் ‘கொ’ என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணக்கில் இரண்டு குறி. ஆகையால் எழுதிவிட்டு எண்ணிப் பார்த்து அனுப்புங்கள். செய்தியில் முதலில் ஆசிரியரின் பெயர், பிறகு மாணவரின் பெயர், பிறகு கேள்வி. வெறும் இணைப்பை மட்டும் அனுப்பவே வேண்டாம். மோசடிச் செய்திகள் அப்படித்தான் வருகின்றன. இணைப்பைத் தொடாதீர்கள் என்று கணினி வகுப்பில் நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்கள் தொடவில்லை என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை.

எழுத்தைவிடக் குரல் பல மாணவர்களுக்கு எளிது. ஆசிரியர் அரை நிமிடம் பேசிய வாய்ஸ் மெசேஜ், பதிலையும் வாய்ஸாகவே அனுப்பலாம் என்ற அனுமதி, இவை இரண்டும் சேர்ந்தால் படிவம் திறக்காதவர்களும் பேசுவார்கள். வந்த குரலைக் கேட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது உங்கள் பக்கத்து வேலை.

வரிசை இப்படி இருக்கலாம். முதல் நாள் ஆசிரியரின் குரல் செய்தி, கேள்வி எதுவும் இல்லாமல்: ‘இந்த வாரம் நாலு கேள்வி அனுப்புவோம்.’ மூன்றாம் நாள் கேள்விகள். ஏழாம் நாள் மாலையில் ஒரு போன். பத்தாம் நாள் வேறொரு நேரத்தில் இன்னொரு போன், முடிந்தால் விடுமுறை நாளில். அலுவலக நேரத்தில் செய்யும் அழைப்புகளை வேலையில் இருப்பவர்கள் எடுக்க முடியாது. அப்படி மட்டுமே கூப்பிட்டால் வேலை கிடைத்தவர்களையே தவறவிடுவீர்கள். பதினான்காம் நாள் மாற்றுத் தொடர்பாளர், அதாவது சேர்க்கையன்று பெயர் வாங்கி வைத்த அந்த இருவர். மூன்றாம் வாரத்தோடு அந்தச் சுற்றை முடித்துக்கொள்ளுங்கள். யாராவது ‘வேண்டாம்’ என்றால் அந்த நொடியே நிறுத்திவிட்டு, பதிவேட்டிலும் அப்படியே எழுதிவிடுங்கள்.

யார் கேட்பது? வேலை, படிப்பு பற்றிய விவரத்துக்கு அவர் அறிந்த ஆசிரியர்தான் சரியான ஆள். வகுப்பு எப்படி இருந்தது என்ற கேள்வியை மட்டும் வேறொருவர் கேட்க வேண்டும். சொல்லிக்கொடுத்தவரிடமே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. இந்த இரண்டையும் ஒரே அழைப்பில் கலந்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

கேள்வியின் வாசகம்தான் மிக முக்கியம். ‘வேலை கிடைத்ததா?’ என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் ‘இல்லை’ என்பார், ஏனென்றால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. தினக்கூலிக்குப் போகிறவரும் வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவரும் ‘இல்லை’ என்பார்கள், அவர்கள் அதை வேலை என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. இப்படிக் கேளுங்கள்: ‘போன மூணு மாசத்துல காசு வாங்கிக்கிட்டு ஏதாவது வேலை செஞ்சீங்களா? ஒரு நாள்னாலும் சரி, சொந்தத் தொழில்னாலும் சரி.’ ஆம் என்றால் மட்டும் தொடருங்கள்: அதே வேலையா, புதியதா, நேரமோ சம்பளமோ கூடியிருக்கிறதா? சம்பளத்தைத் துல்லியமான தொகையாகக் கேட்காமல் நான்கைந்து வரம்புகளைச் சொல்லி எதில் வரும் என்று கேளுங்கள். நிதி தருபவர் தொகைதான் வேண்டும் என்று விதித்திருந்தால் அதைக் கடைசிக் கேள்வியாக வையுங்கள்.

‘எதுவும் மாறவில்லை’ என்ற பதிலை நீங்களே முதலில் சொல்லிக் காட்டுங்கள். ‘நிறையப் பேருக்கு இன்னும் ஒண்ணும் மாறியிருக்காது, அதுவும் எங்களுக்குத் தேவையான பதில்தான்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், நல்ல செய்தி இல்லாதவர்களும் வாய் திறப்பார்கள்.


கேட்டவர்: பதிவேடு

மிக்க நன்றி. மூன்று சந்தேகங்கள். நிதி தருபவர் ‘வெளியேறியபின் இரண்டாம் காலாண்டில் வேலையில் இருந்தாரா’ என்று கேட்கிறார். அதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? மாற்றுத் தொடர்பாளரிடமே ‘அவர் இப்போது வேலையில் இருக்கிறாரா’ என்று கேட்டுப் பதிவு செய்துவிடலாமா? பதில் தந்தால்தான் சான்றிதழ் என்று வைக்கலாமா என்று எங்கள் நிர்வாகத்தில் ஒரு யோசனை ஓடுகிறது.


பதில்: காலாண்டுக் கணக்கு

மூன்றாவதற்கு முதலில் பதில்: கூடாது. படித்து வாங்கிய சான்றிதழ் அவருடையது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்கும் பதில், சான்றிதழைப் பெறுவதற்காகச் சொன்ன பதிலாகத்தான் இருக்கும். மையத்தின் மேல் இருந்த நம்பிக்கையும் அதோடு போகும், அடுத்த முறை போனையே எடுக்க மாட்டார். தவிர, சான்றிதழ் வாங்காமல் பாதியில் நின்றவர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. உங்களுக்குப் பதில் தேவைப்படுவதே அவர்களிடமிருந்துதான்.

இரண்டாவதும் கூடாது. மாற்றுத் தொடர்பாளர் அவரைப் போய்ச் சேரும் வழி மட்டும்தான். ‘அவருடைய புது நம்பர் கிடைக்குமா, அல்லது எங்களைக் கூப்பிடச் சொல்வீர்களா?’ அதோடு நிறுத்துங்கள். வேலை, சம்பளம், தேர்வு முடிவு எல்லாம் அவரே சொல்ல வேண்டியவை. ‘ஃபெயில் ஆனாரே, திரும்ப எழுதினாரா?’ என்று வாய்தவறிக் கேட்டாலே அவருடைய ரகசியம் வெளியே போய்விடும்.

இனி காலாண்டு. இந்த வாசகம் அமெரிக்க முறையை ஒட்டியது. அங்கே 2014-இல் வந்த தொழிலாளர் திறன் மற்றும் வாய்ப்புச் சட்டத்தின்கீழ்தான் வயதுவந்தோர் கல்விக்கான மத்திய நிதி போகிறது. 90 நாள் தொடர்ந்து எந்தச் சேவையும் பெறாமல், மேற்கொண்டும் எதுவும் திட்டமிடப்படாமல் இருந்தால் வெளியேறியவர் என்று கணக்கு. ஆனால் வெளியேறிய தேதி அந்த 90-ஆம் நாள் கிடையாது. கடைசியாகச் சேவை பெற்ற நாள். இங்கேதான் பலர் ஒரு காலாண்டு தள்ளி எண்ணிவிடுகிறார்கள். எடுத்துக்காட்டு: கடைசி வகுப்பு 12 நவம்பர் 2024. வெளியேறிய காலாண்டு அக்டோபர்–டிசம்பர் 2024. அதற்குப் பின் முதல் காலாண்டு ஜனவரி–மார்ச் 2025. இரண்டாம் காலாண்டு ஏப்ரல்–ஜூன் 2025. நான்காம் காலாண்டு அக்டோபர்–டிசம்பர் 2025. இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் வேலையில் இருந்தாரா என்று தனித்தனியே பார்க்கிறார்கள். வருமானத்தின் இடைநிலை அளவு (எல்லோருடைய வருமானத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) இரண்டாம் காலாண்டுக்கு மட்டும்.

ஆக, எல்லோரையும் ஒரே தேதியில் ‘ஆறு மாதம் கழித்து’ கேட்பது பொருந்தாது. ஒருவருக்கு அந்தக் காலாண்டு அப்போதுதான் தொடங்கியிருக்கும், பாதியில் நின்ற இன்னொருவருக்கு முடிந்து போயிருக்கும். ஸ்ப்ரெட்ஷீட்டில் கடைசி வருகைத் தேதி ஒரு நெடுவரிசை, அதிலிருந்து கணக்கிடப்பட்ட இரண்டாம் காலாண்டின் கடைசி நாள் இன்னொரு நெடுவரிசை. அந்த நாள் கடந்த முதல் இரண்டு வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது ‘இரண்டாம் காலாண்டு’ என்று சொல்லாமல் மாதப் பெயரைச் சொல்லுங்கள்: ‘ஏப்ரல், மே, ஜூன், இந்த மூணு மாசத்துல...’

அதே முறையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பள்ளிப் படிப்புக்கு இணையான சான்று பெற்றதை மட்டும் வைத்துத் தகுதி பெற்றவராகக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெளியேறி ஒரு வருடத்துக்குள் வேலையிலோ, மேற்படிப்பு அல்லது பயிற்சியிலோ இருந்திருக்க வேண்டும். தேர்வு பாஸானதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்துவிட்டால் பாதி விவரம்தான் கையில் இருக்கும். பாஸானவரிடம் உடனே ‘அதுக்கப்புறம்?’ என்று கேட்க வேண்டும்.

அங்கே வேலை விவரத்தைப் பெரும்பாலும் மாநிலச் சம்பளப் பதிவுகளோடு ஒப்பிட்டே எடுக்கிறார்கள். சமூகப் பாதுகாப்பு எண் (அங்கே ஆளுக்கொன்றாக அரசு தரும் அடையாள எண்) தந்தவர்களுக்கு இது எளிது. அந்த எண்ணைத் தராதவர், சொந்தத் தொழில் செய்பவர், மத்திய அரசு ஊழியர் ஆகியோர் அந்தப் பதிவில் அகப்பட மாட்டார்கள். நேரில் கேட்டே ஆக வேண்டியவர்கள் இவர்கள்தான். உங்கள் நாட்டில் இப்படி ஒப்பிட வழி இருந்தால் முதலில் அதைச் செய்துவிட்டு, அகப்படாதவர்களுக்கு மட்டும் ஆளையும் நேரத்தையும் செலவிடுங்கள். தேர்வு நடத்தும் அமைப்பிடமிருந்து மாணவரின் சம்மதத்தோடு முடிவுகளை நேரடியாக வாங்க முடியுமானால் அந்தக் கேள்வியையே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

சம்மதத் தாளில் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடக்க வேண்டாம். பின்னால் தொடர்புகொள்ள ஒரு கையெழுத்து, பிற பதிவுகளோடு ஒப்பிட ஒன்று, பெயரோ படமோ வெளியிட ஒன்று. மூன்றாவதற்குப் பயந்து முதலாவதையும் மறுப்பவர்கள் நிறைய. தாளை உரக்க வாசித்துக் காட்டுங்கள், ‘எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம்’ என்பதையும் சேர்த்து.


பதில்: எண்ணும் எழுத்தும்

பரிசு பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆய்வுலகில் நீண்ட காலமாகத் தெரிந்த விஷயம்: ‘பதில் தந்தால் தருகிறோம்’ என்ற வாக்குறுதியைவிட, கேள்வியோடு சேர்த்து முன்கூட்டியே கொடுக்கும் சிறு தொகை நன்றாக வேலை செய்கிறது. குலுக்கல் பரிசை நம்பி இறங்காதீர்கள், அதன் பலன் குறைவு. ஒரு சிறு ரீசார்ஜ் போதும். அது பேசுவதற்கான செலவையும் ஈடுகட்டும். என்ன பதில் சொன்னாலும் ஒரே தொகை என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேலை கிடைத்தவருக்குக் கூடுதல், சான்றிதழ் காட்டியவருக்குக் கூடுதல் என்று வைத்தால் பொய்ப் பதிலுக்கு நீங்களே விலை வைத்ததாகிவிடும்.

பணம் இல்லையென்றால், பயனுள்ள எதையாவது கொடுங்கள்: படித்த மணிநேரம் குறிப்பிட்ட ஒரு கடிதம், ஒரு மாதிரித் தேர்வு, விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தரும் உதவி. அதையும் கேட்கும் நாளில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. வெளியேறிய முதல் மாதமே தேர்வுத் தேதியோ வேலை அறிவிப்போ ஒன்றை அனுப்பி வையுங்கள். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு விவரம் வேண்டும் என்று வந்து நிற்பதுதான் மாணவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது.

பாதியில் நின்றவர்களைப் பொறுத்தவரை, ஆறு மாதம் காத்திருப்பதே தவறு. தொடர்ந்து இரண்டு வாரம் வராதவருக்கு ஆசிரியர் கூப்பிட வேண்டும். பாதியில் நிற்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போவதில்லை, ஆகவே இந்த அழைப்பிலேயே நம்பரையும் சரிபார்த்து, பின்னால் கூப்பிடுவோம் என்றும் சொல்லிவிட வேண்டும். ‘ஏன் வரவில்லை?’ என்று ஆரம்பித்தால் அவர் மன்னிப்புக் கேட்பார், பேச்சு அங்கேயே முடியும். ‘நீங்க கணக்குல பின்னம் வரைக்கும் முடிச்சிருந்தீங்க, உங்க நோட்டு இங்கேயே இருக்கு’ என்று அவர் முடித்த இடத்திலிருந்து தொடங்குங்கள். வேலை கிடைத்ததால் நின்றவர்கள் இந்தக் கூட்டத்தில் கணிசமாக இருப்பார்கள். பதிவேட்டில் ‘இடைநின்றவர்’ என்று இருக்கும், அவருக்கோ படிக்க வந்த நோக்கமே நிறைவேறியிருக்கும்.

இப்போது கணக்கு. இதை நிதி தருபவரிடம் நேர்மையாகச் சொல்வது நம் கடமை. 80 பேர் வெளியேறினார்கள், 32 பேர் பதில் தந்தார்கள், அவர்களில் 24 பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ‘75 சதவீதம் பேருக்கு வேலை’ என்று அறிக்கையில் எழுத ஆசை வரும். எழுதக் கூடாது. பதில் தராத 48 பேரில் ஒருவருக்கும் வேலை இல்லையென்றால் விகிதம் 30 சதவீதம், அத்தனை பேருக்கும் வேலை என்றால் 90. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. நல்ல செய்தி உள்ளவர்கள்தான் பதில் தருகிறார்கள் என்று நீங்களே கவனித்திருப்பதால், 75-ஐ விடக் கீழே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதைச் சரிசெய்ய 48 பேரையும் துரத்த வேண்டியதில்லை. அவர்களில் 16 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். சுலபமாகக் கிடைப்பவர்களாகப் பார்த்துப் பொறுக்கினால் எல்லாம் வீண். அந்த 16 பேருக்காக மட்டும் முழு மூச்சாக உழையுங்கள்: மாற்றுத் தொடர்பாளர், வேறு வேறு நேரம், முடிந்தால் நேரில். அவர்களில் 12 பேர் கிடைத்து, 6 பேருக்கு வேலை என்று தெரிந்தால், 48-இல் ஏறக்குறைய 24 என்று மதிப்பிடலாம். மொத்தம் 80-க்கு 48, அதாவது 60 சதவீதம். அந்த 16-இல் கிடைக்காத 4 பேரையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள். தோராயம்தான், ஆனாலும் முதல் எண்ணைவிட நம்பத்தக்கது.

‘பதில் இல்லை’ என்று ஒரே கட்டத்தில் போட்டு மூடிவிடாதீர்கள். நம்பர் இயங்கவில்லை, மணி அடிக்கிறது எடுக்கவில்லை, மறுத்துவிட்டார், நாமே இன்னும் கூப்பிடவில்லை — இந்த நான்கும் வேறு வேறு நோய்கள். முதலாவது அதிகமென்றால் சேர்க்கைப் படிவத்தைத் திருத்த வேண்டும். இரண்டாவது அதிகமென்றால் கூப்பிடும் நேரத்தை மாற்ற வேண்டும். மூன்றாவது அதிகமென்றால் கேட்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். நான்காவது அதிகமென்றால் ஆள் போதவில்லை என்று நிர்வாகத்திடம் எண்ணோடு போய் நிற்கலாம்.


கேட்டவர்: பதிவேடு

சேர்க்கைப் படிவத்தை இந்த வாரமே மாற்றுகிறோம். சான்றிதழ் யோசனையைக் கைவிடச் சொல்லி இந்த இழையையே நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கடைசியாக ஒன்று: கூப்பிடும்போது ‘வேலை போய்விட்டது’, ‘வீட்டில் பிரச்சினை’ என்று மனம் திறந்து சொல்கிறவர்களிடம் ஆசிரியர்கள் என்ன சொல்வது? கேள்வித்தாளை மட்டும் தொடர்வது சரியாகப் படவில்லை.


பதில்: மணியடித்தபின்

தொடர வேண்டாம். அந்த இடத்தில் கேள்விகளை நிறுத்திவிடுங்கள், விட்ட கேள்விகளுக்கு ‘கேட்கப்படவில்லை’ என்று குறியுங்கள். கூப்பிடுகிறவர் கையில் ஒரு பக்கத் தாள் இருக்க வேண்டும்: அடுத்த வகுப்பு தொடங்கும் தேதி, வேலைவாய்ப்பு அலுவலகம், சட்ட உதவி, மனநல உதவி, குடும்ப வன்முறைக்கான உதவி ஆகியவற்றின் நம்பர்கள், மையத்தில் யாரிடம் பேசலாம் என்ற பெயர். தாளில் உள்ள நம்பர்கள் இயங்குகின்றனவா என்று ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் கூப்பிட்டுப் பாருங்கள். உடைந்து பேசும் ஒருவருக்கு இயங்காத நம்பரைக் கொடுத்துவிடக் கூடாது.

தாளில் இல்லாத உதவியைத் தருவதாக ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. ‘விசாரிச்சுட்டு ரெண்டு நாள்ல கூப்பிடுறேன்’ என்று சொல்லலாம். சொன்னால் கூப்பிட்டே ஆக வேண்டும். அதற்குப் பதிவேட்டில் ‘திரும்ப அழைக்க வேண்டிய தேதி’ என்று ஒரு கட்டம் போட்டு, அதைப் பார்க்கும் பொறுப்பை ஆசிரியர் அல்லாத இன்னொருவரிடம் கொடுங்கள். பொதுவான போன் என்று சேர்க்கையில் குறித்திருந்தால், வீட்டுப் பிரச்சினை பற்றி எந்தச் செய்தியும் எழுத்தில் அனுப்ப வேண்டாம். பேச மட்டும் செய்யுங்கள், அதுவும் ‘இப்ப பேசலாமா?’ என்று கேட்டபிறகு.